சுவருக்குள்ள நடக்கறீங்க சார்!

சின்ன வீட்டுக்காரர் என்றதும் சிரிக்காதீர்கள். அந்தச் சிலேடையை எங்கள் அடுக்ககத்தில் வாட்ச்மேன் வரை எல்லோரிடமும் அவரே சொல்லித் தீர்த்துவிட்டார். மனைவியிடம் மட்டும் ஒரே தடவைதான் சொன்னார்.

மதுராந்தகம் பக்கம் 5 சென்ட் மனை. அதில் அளவெடுத்துச் செய்த கன்டெய்னர் வீட்டை இறக்கி எளிமையாக வாழப்போகிறார். நீளம் 20 அடி, அகலம் 8 அடி, ஆக 160 சதுர அடி. வாழப்போவது அங்கே, ஒத்திகை எங்கள் மொட்டை மாடியில்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டேப்பும் சாக்பீஸுமாக ஏறிவிடுவார். இருபதுக்கு எட்டு கோடு விழும். உள்ளே அடுப்படி, பாத்ரூம், பெஞ்சு. ஒருநாள் துணி உலர்த்தப் போனேன். "சார், சார்! சுவருக்குள்ள நடக்கறீங்க!" விறைத்து நின்றேன். நின்ற இடம் பாத்ரூமாம். வெளியே வந்து, வாசலைத் தேடிப் பிடித்து, செருப்பை விட்டுவிட்டு மறுபடி நுழைந்தேன். இல்லாத பெஞ்சில் உட்காரச் சொன்னார். மரியாதைக்குக் கொஞ்சம் குனிந்தேன். "முட்டி இடிக்குதா?" காற்றில் என்ன இடிக்கும்? "இல்லை சார்" என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டார்.

பிறகு லாஃப்ட் ஆசை வந்தது. அதற்காக எட்டரை அடி உயரக் கன்டெய்னரை விட்டு ஒன்பதரை அடிக்குத் தாவினார். லாஃப்ட் அடுப்படிக்கு மேலே என்பதால், அடுப்படிக் கோட்டின் மீதே நீலச் சாக்பீஸில் அதை வரைந்தார். தண்ணி கேன் போட வந்த நெட்டைப் பையனைப் படுக்கவைத்து நீளம் பார்த்தார். அடுப்பில் காலை வைத்துவிட்டதாக அவனுக்குத் திட்டு வேறு.

கொலு எங்கே வைப்பது என்று அவர் மனைவி கேட்டார். "லாஃப்ட்டுக்கு ஏறுற படிதான் கொலுப்படி!" ஒன்பது நாளும் எப்படி மேலே போய்ப் படுப்பது என்று அந்த அம்மா அடுத்துக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மாதவரம் பட்டறைக்காரர் பாவம். ஜன்னலுக்காகத் தகட்டை வெட்டிவிட்டால் பிறகு இடம் மாற்ற முடியாது, முடிவாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார். இவரோ வாரம் ஒரு வரைபடம் அனுப்புகிறார். மனைக்குப் போகிற சந்தில் டிரெய்லர் திரும்புமா என்று கேட்டேன். "கிரேன் வெச்சு தூக்கிடலாம்" என்றார். கிரேன் எந்தச் சந்து வழியாக வரும் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் மனைவி காபியோடு ஏறி வருவார். எத்தனை அவசரமானாலும் கோட்டைத் தாண்டமாட்டார். வாசல் வழியாகத்தான் நுழைவார். அதைப் பார்க்கும்போது இவர்மேல் கோபம் வராது.

ஆனால் இரண்டு கோடையாக எங்கள் வீட்டில் வடாம் இல்லை. கூழ் காய்ச்சினாலும் பிழிய இடம் எங்கே? போன வாரம் பெய்த மழையில் வீடு கரைந்தது. மறுநாள் நல்ல வெயில். கூழ்ப் பாத்திரமும் பழைய வேட்டியுமாக ஓடினோம். மாடியில் அவர் பெயின்ட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

துணி உலர்த்த வருகிறவர்கள் கவனிக்கவும்: வாசல் இப்போது கிழக்கே.