அர்ச்சுனனுக்கு லைசென்ஸ் உண்டா?

1878-இல் இந்தியாவை ஆண்டவர் ஒரு கவிஞர். பெயர் லிட்டன் பிரபு. ஓவன் மெரிடித் என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது, டெல்லியில் தர்பார் வைத்து விக்டோரியாவுக்குப் பேரரசிப் பட்டம் சூட்டிய புண்ணியவான். பசித்தவன் கையில் பேனாவும் துப்பாக்கியும் இருந்தால் ஆபத்து என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஒரே வருஷத்தில் இரண்டு சட்டம் போட்டார். பத்திரிகைச் சட்டம் ஆங்கிலப் பத்திரிகைகளைத் தொடாது. ஆயுதச் சட்டம் ஐரோப்பியர்களைத் தொடாது, விதியிலேயே விலக்கு. சுருக்கமாகச் சொன்னால், எழுதுவதென்றால் தமிழில் எழுதாதே. சுடுவதென்றால் கறுப்பாக இருந்து சுடாதே.

ஆயுதம் எது என்பதில் பிரபு தாராளமானவர். துப்பாக்கி, பீரங்கியோடு வாள், ஈட்டி, வில், அம்பு எல்லாமே பட்டியலில் உண்டு. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேட வேண்டும். கோயில் இருந்தால் கூத்தும் உண்டு. சட்டத்தை அட்சரசுத்தமாக அமல்படுத்தியிருந்தால் ‘வில்வளைப்பு’ நடக்கும் ராத்திரியில் அர்ச்சுனன் முதல் குற்றவாளி, பீமன் இரண்டாவது. கட்டியங்காரன் மட்டும் தப்பியிருப்பான். அவனிடம் இருப்பது வாய் ஒன்றுதான். அதைக் கவனிக்கத்தான் இன்னொரு சட்டம் இருந்ததே!

இந்தக் கூத்து நடக்காமல் காத்தது ஆயுதச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தவன்மேல் வழக்குப் போட, பெரும்பாலான இடங்களில், மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். மாஜிஸ்திரேட் என்றால் வேறு யார், கலெக்டர்தான். குற்றத்துக்கு மூன்று வருஷம் வரை சிறை; ஆனால் அது வழக்காகுமா என்பது கலெக்டர் தலையாட்டுவதைப் பொறுத்தது. திண்டிவனமும் விழுப்புரமும் அப்போது தென்னாற்காடு ஜில்லா. தலை இருந்தது கடலூரில்.

நடுவில் இன்னொரு வேடிக்கை. கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரன் புதுச்சேரி. லிட்டனின் சட்டம் எல்லையிலேயே நின்றுவிடும். அங்கே உட்கார்ந்துதான் வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குக் குறிபார்க்கக் கற்றுக்கொடுத்தார். கற்றவர்களில் வாஞ்சிநாதனும் ஒருவர். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். ஆயுத வழக்குக்கு யார் அனுமதி தர வேண்டுமோ, அந்தப் பதவியில் இருந்தவரையே குண்டு தேடிப் போயிற்று. குறிபார்க்கக் கற்றுக்கொடுத்த ஐயரோ பிரெஞ்சு மண்ணில். பிரிட்டிஷ் போலீஸ் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது.

விதியிலிருந்து நிறபேதம் கழன்றது முதல் உலகப் போருக்குப் பிறகு. அப்போதும் சாமானியனுக்கு லைசென்ஸ் கிடைத்துவிடவில்லை. 1930-இல் காந்தி வைசிராய் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் உப்பு வரி எல்லோருக்கும் தெரியும். தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. கேட்டவர் அகிம்சாமூர்த்தி! உப்புக்கு யாத்திரை போனார்; துப்பாக்கிக்குப் போகவில்லை. போயிருந்தால் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுதந்திரம் வந்தது. 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. வில்லும் வாளும் அரசு அறிவிக்கும் பகுதிகளில் மட்டும்தான் பிரச்சினை என்றானது. லிட்டனின் 29-ஆம் பிரிவு மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு 39-ஆம் பிரிவாக வந்து உட்கார்ந்தது. குடகு நாட்டுக் கொடவர்களுக்கு 2029 வரை லைசென்ஸே தேவையில்லை. பரம்பரையாக நாட்டுத் துப்பாக்கியோடு குருவி சுட்டுப் பிழைத்த நரிக்குறவருக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது. 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையையும் பறித்துக்கொண்டது. அவரும் பரம்பரைக்காரர்தான், கொடவரும் பரம்பரைக்காரர்தான். ஒரு பரம்பரை பெருமை, இன்னொன்று குற்றம்.

1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமானது. திண்டிவனத்து வழக்குக் கட்டு கடலூர் போக வேண்டியதில்லை. தலை பக்கத்திலேயே வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் போட்ட வழக்கு இன்றும் கோர்ட்டில் நிற்காது. ஒருவகையில் அது நல்லதுதான். பரணில் தாத்தாவின் துருப்பிடித்த குழாய் கிடந்ததற்காக ஒரு பேரன் உள்ளே போகக் கூடாது. ஆனால் ஒருவனுக்கு ஏன் தலையாட்டினார், இன்னொருவனுக்கு ஏன் ஆட்டவில்லை என்று கலெக்டர் இரண்டு வரி எழுதி ஊரறிய வைக்கட்டும். லிட்டன் செய்யாததில் அதையாவது நாம் செய்யலாம்.