ரஷ்யனில் ‘ஃபேர்’: அவசரக்காரர்களுக்கான வழிகாட்டி

ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்று ஒரு பெயரடை இருக்கிறது. நியாயமானது, அழகானது, வெளிர் நிறத்தது, மேகமில்லாதது, சுமாரானது எல்லாம் அதுவே. ரஷ்யனில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல். கவலை வேண்டாம். அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பொருளைப் படிக்கப் போனால்தான் சந்தேகம் வரும்.

உங்களுக்குக் கிடைத்தது ‘ஸ்ப்ரவெத்லீவி’ என்று வைத்துக்கொள்வோம். நியாயமான என்று பொருள். விலைக்குப் பொருந்தும், தீர்ப்புக்குப் பொருந்தும். அதே துணிச்சலோடு கூந்தலுக்கும் சூட்டுங்கள்; கதாநாயகி நீதி வழுவாத கூந்தலோடு வந்து நிற்பாள். நாளைய வானிலையும் பாரபட்சமின்றி இருக்கும். அடுத்து நிற்கும் பெயர்ச்சொல்லை ஒருமுறை பார்த்தால் கூந்தலுக்கு ‘பெலகூரி’, வானிலைக்கு ‘யாஸ்னி’, கப்பலுக்குச் சாதகமான காற்றுக்கு ‘பபூத்னி’ என்று விளங்கிவிடும். ஆகவே பார்க்காதீர்கள்.

விகுதியிலும் இதே அலட்சியம் உதவும். ரஷ்யனில் பால் மூன்று, வேற்றுமை ஆறு. பெயர்ச்சொல் எப்படித் திரும்பினாலும் பெயரடை கூடவே திரும்ப வேண்டும். காற்று ஆண்பால், வானிலை பெண்பால். நம்மிடம் வேற்றுமை எட்டு இருந்தும் ‘நல்ல’ எதற்கும் அசைவதில்லை. அந்தப் பெருமிதத்தோடு எல்லாவற்றையும் ஆண்பாலில் விட்டுவிடுங்கள்.

பள்ளியில் நாம் எழுதிய ஃபேர் காப்பியை ‘அழகிய நகல்’ ஆக்குங்கள். ரஷ்ய மாணவர் அதை ‘சிஸ்தவீக்’ என்பார். அதில் பெயரடையே கிடையாது. இருந்த ஒன்றையும் பறிக்கும் மொழியை ஏன் மதிக்க வேண்டும்?

யாராவது குறை சொன்னால் மொழிபெயர்ப்பாளர் மர்ஷாக்கைக் காட்டுங்கள். 127ஆம் சானெட்டில் ஷேக்ஸ்பியர் அழகையும் வெளிர் நிறத்தையும் ஒரே ‘ஃபேர்’க்குள் அடைத்து வைத்தார். 1948இல் சானெட்டுகளை ரஷ்யனில் நூலாக வெளியிட்ட மர்ஷாக் அழகை வைத்துக்கொண்டு நிறத்தை விட்டார். மறு ஆண்டு அவருக்கு ஸ்டாலின் பரிசு. அவர் தெரிந்தே விட்டார், நாம் தெரியாமல் விடுகிறோம். அந்த வேறுபாட்டைப் பரிசுக் குழுவிடம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகக் கூலி. ரஷ்யாவில் மொழிபெயர்ப்புக்குப் பெரும்பாலும் இடைவெளி உட்பட 1800 எழுத்துகளை ஒரு பக்கமாகக் கணக்கிடுவார்கள். ‘ஃபேர்’ ஆங்கிலத்தில் 4 எழுத்து. சுமாரான என்ற பொருள்தரும் ‘உதவ்லெத்வரீதெல்னி’ ரஷ்யனில் 18. பக்கத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒரே சொல்லில் முடிந்தது. எங்கும் அதையே போடுங்கள். எண்ணுவது மூலத்தையா, மொழிபெயர்ப்பையா என்று மட்டும் முன்பணம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.