முதல்ல நிண்டு காட்டும், பேந்து பறவும்

தம்பி, நீர் ஃபோர்ட் எக்ஸ்-வை ஃபால்கன் கார் ஒண்டு எடுத்திட்டீராம், 1971ஆம் ஆண்டு மொடல். கேட்டுச் சந்தோசம். கலியாணம் பேசி வந்தா, "இன்னும் ஒரு வருசம் யோசிக்கவேணும் மாமா" எண்டு சொல்லுற பிள்ளை, ஐம்பது வயசு தாண்டின ஒண்டை ஒரு பின்னேரத்திலயே பாத்துப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டீர். நல்ல துணிச்சல்.

நீர் காட்டின லிஸ்டையும் பாத்தனான். 351 கிளீவ்லண்ட் வி-எயிட், ஹோலி கார்பரேட்டர், பெரிய கேம்ஷாஃப்ட், ஐந்நூறு குதிரைவலு. வலு வடிவான லிஸ்ட். பிரேக் எண்ட ஒரு சொல்லை மட்டும் தேடினன். கண்ணாடியை மாத்திப் போட்டும் தேடினன். காணேல்லை.

உம்மடது சாதாரண ஆறு சிலிண்டர் கார். நாலு சில்லுக்கும் டிரம் பிரேக். அதுக்கு மேல ஐந்நூறு குதிரையை ஏத்துறது, கோவணத்துக்கு மேல கோட்டுப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போற மாதிரி. தூரத்தில பாக்கிறவைக்கு மட்டும் மரியாதை.

நீர் படம் வைச்சுக் கும்பிடுற ஜிடி-எச்ஓ ஃபேஸ் த்ரீயை ஃபோர்ட்காரன் எப்பிடிச் செய்தவன் எண்டு பாரும். 1971இல முந்நூறு கார்தான் வந்தது. வெறும் எஞ்சினைத் தூக்கி வைச்சுவிட்டு அவன் கையைக் கழுவேல்லை. முன்னுக்கு டிஸ்க் பிரேக், பின்னுக்கு ஒன்பது அங்குல டிஃப், 36 கலன் பெற்றோல் டாங்க் எண்டு பாதர்ஸ்ட் மலையில ரேஸ் ஓடுறதுக்கு ஏத்த மாதிரி எல்லாத்தையும் சேத்துத்தான் கட்டினவன். அந்த வருசம் அலன் மொஃபட் அதில ஓடி வெண்டதும் அதாலதான். வேகப்பந்து போட்ட கிரிக்கெட்காரன் ஜெஃப் தொம்சன் ஒருக்கா வைச்சிருந்த ஃபேஸ் த்ரீ, 2018இல பத்து இலட்சம் டொலருக்கு மேல ஏலம் போனது. நீர் அதின்ர எஞ்சினை மட்டும் கேக்கிறீர். தொம்சன்ர கையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து பந்து போடலாமோ?

அடுத்தது ஃபேஸ் ஃபோர். 1972இல சிட்னிப் பத்திரிகை ஒண்டு, மணிக்கு 160 மைல் வேகத்தில பறக்கிற கார் வரப்போகுது எண்டு எழுதிச்சுது. மந்திரிமார் கொதிச்செழும்பிச்சினம். ஃபோர்ட் அந்தத் திட்டத்தையே கைவிட்டிட்டுது. அவ்வளவு பெரிய கொம்பனியே அரசாங்கத்துக்குத் தலைகுனிஞ்ச ஊரில, நீர் கராஜுக்குள்ள கதவைச் சாத்திப்போட்டு எஞ்சின் மாத்தப் பாக்கிறீர்.

ஆனபடியால் ஸ்பானரைத் தொட முதல் ஆளைப் பிடியும். நியூ சவுத் வேல்ஸில லைசென்ஸ் உள்ள சர்ட்டிஃபையர், மெல்பேணில இருக்கிற உம்மட மச்சானுக்கெண்டால் வாஸ் எஞ்சினியர். வி-எஸ்-பி 14 எண்டு ஒரு விதிப்புத்தகம் இருக்கு, அதைத் திறந்து வைச்சுக் கதையும். எஞ்சினைப் பெரிசாக்கினால் அதுக்கேத்த பிரேக்கும் வேணும். காரைப் பதிச்சாலும் நிலத்துக்கும் காருக்கும் இடையில 100 மில்லிமீற்றர் இருக்கவேணும். சஸ்பென்ஷன் ஏறி இறங்குற தூரத்தில மூண்டில ரெண்டு பங்காவது மிஞ்சவேணும். எல்லாம் பூட்டி முடிச்ச பிறகு எஞ்சினியரைக் கூப்பிட்டால், அவர் கழட்டச் சொல்லுவார். மெல்பேணில ஓடத் தகுதியில்லை எண்டு "கனரி" நோட்டீஸ் ஒட்டினால் மச்சான் பஸ்ஸிலதான் வேலைக்குப் போவார்.

சஸ்பென்ஷனுக்கு வருவம். உம்மட காருக்குப் பின்னால இருக்கிறது லீஃப் ஸ்பிரிங். பெரிய எஞ்சின் சடாரெண்டு இழுக்கேக்க அச்சு முறுகும், சில்லுத் துள்ளும். முன்னால வி-எயிட்டின்ர பாரம் கூட, ஆறு சிலிண்டர் ஸ்பிரிங் அதைத் தாங்காது. ஐம்பது வருசத்து ரப்பர் புஷ்ஷெல்லாம் பிட்டு மாதிரி உதிரும். புஷ், போல் ஜொயின்ட், ஷொக், நல்ல ரேடியல் டயர், இதுகளை மாத்தி ஒருக்கா ஓடிப் பாரும். எஞ்சினில கைவைக்காமலே கார் வேற காராயிடும்.

ரேடியேட்டரையும் மறவாதையும். 2020 ஜனவரி 4ஆம் தேதி பென்றித்தில 48.9 பாகை வெக்கை அடிச்சது. அந்த வெக்கையில பரமட்டா ரோட்டு நெரிசலில நிண்டால் உம்மட ஐந்நூறு குதிரையும் வாயில நுரை தள்ளும்.

அடுத்தது பெற்றோல். எங்கட யாழ்ப்பாணத்தில யுத்தகாலப் பொருளாதாரத் தடை நேரம் ஒஸ்ரின் ஏ-ஃபோர்ட்டி கார் மண்ணெண்ணெயில ஓடினது. கார்பரேட்டருக்குள்ள நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பேந்து மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. கொம்ப்ரெஷன் குறைஞ்ச எஞ்சின், குடுத்ததைக் குடிச்சுது. நீர் கட்டப்போற எஞ்சின் 98 ஒக்டேனுக்குக் குறைஞ்சதைத் தொடாது. இப்ப இருக்கிற ஆறு சிலிண்டருக்கோ வேற கவலை: 2002இல ஈயப் பெற்றோலை நிப்பாட்டிப்போட்டாங்கள், எக்ஸோஸ்ட் வால்வ் சீட்டைக் கெட்டியானதா மாத்தினதோ எண்டு வித்தவனைக் கேட்டுப் பாரும். இவ்வளவும் எங்க போக? மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு. சிக்னலுக்குச் சிக்னல் நிண்டு நிண்டு.

லிஸ்டைத் தலைகீழாத் திருப்பி எழுதும் தம்பி. முதல் எஞ்சினியர், பேந்து பிரேக், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், டிஃப், கடைசியா எஞ்சின். நடுவழியில காசு முடியும், அது நிச்சயம். இந்த ஒழுங்கில முடிஞ்சால் ஒழுங்கா நிக்கிற, திரும்புற கார் ஒண்டு மிஞ்சும். உம்மட ஒழுங்கில முடிஞ்சால், கராஜுக்குள்ள தறப்பாள் மூடின எஞ்சின் ஒண்டும், அதைக் காட்டிக் காட்டி ஏசுற பொம்பிளை ஒருத்தியும்தான் மிச்சம். அதுக்கும் முதல் நீர் கலியாணம் கட்டவேணும்.