திரைவழிப் பாடம்

பாடப்புத்தகத்தின் காலம் முடியப்போகிறது, பத்தாண்டுகளில் பள்ளிக்கல்வியே அடியோடு மாறிவிடும் என்று 1913-இல் அறிவித்தவர் தாமஸ் எடிசன். சினிமாக் கருவி விற்றவரும் அவரே. புத்தகம் இன்றும் அச்சாகிறது.

இந்தியாவில் திரையில் பாடம் நடத்தும் இந்த ஆசையைப் பெரிய அளவில் சோதித்தது 1975-76-இன் 'சைட்' திட்டம். ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியே காலையில் பள்ளிப் பாடம், மாலையில் வேளாண்மை, சுகாதாரம். ஓராண்டு முடிந்ததும் நாசா செயற்கைக்கோளைத் திருப்பி எடுத்துக்கொண்டது. இரவல் நகை எத்தனை நாளைக்கு?

தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 2019-இல் வந்தது. மறு ஆண்டு கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது அது கைகொடுத்தது. அதைக் கேலி செய்ய முடியாது.

வகுப்பறையில் கதை வேறு. பெட்டி சுவரில் இருக்கும். ரிமோட் தலைமையாசிரியர் அறை பீரோவில். பீரோச் சாவி விடுப்பில் போனவரிடம். எல்லாம் கூடிவந்தால் கரண்ட் போகும். கரண்டும் இருந்துவிட்டால், ஒளிச்சேர்க்கை நடக்கும் இலைக்கு நடுவே சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கும். இலையைப் பார்க்காத பிள்ளைகளும் வட்டத்தைக் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். சன்னல் சாத்திய இருட்டு, கடைசி பெஞ்சுக்குக் கிடைத்த வரம். படம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்ற ஒரே கேள்வி, "புரிஞ்சுது சார்" என்ற ஒரே பதில். பதிவேட்டில் 'காணொளி காட்டப்பட்டது' என்று ஏறிவிடும்.

ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, கேள்வி கேட்கும் ஆசிரியரிடம் இதே காணொளி நன்றாகவே வேலை செய்கிறது. நிறுத்தும் பொத்தான் எல்லா ரிமோட்டிலும் உண்டு.