நின்ற புல்லட்டின் திணை மயக்கம்

நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டி கெட்டுப்போய்விடும் என்பது மெக்கானிக்குகளின் மரபான கொள்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. வண்டி கெடுவதில்லை, திணை மாறிவிடுகிறது.

ஆய்வுப்பொருள் 1989-இல் பதிவான 350 சிசி புல்லட். நெடுந்தூரம் போவதற்கென்றே வாங்கிய வண்டி என்பதால் இது பாலைக்கு உரியது. பிரிதல் இதன் உரிப்பொருள். திருச்சியில் விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புவதும், வழியோரக் கடையின் முதல் டீயும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் கருப்பொருள்களாம். 2016-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்டிகோவில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியதோடு அது முல்லைக்கு வந்து சேர்ந்தது. இருத்தலும் இருத்தல் நிமித்தமும். ஒன்பது ஆண்டுகளில் ஹேண்டில்பாரில் குடை ஏறியது. கிராஷ் கார்டில் வெங்காயப் பை. சீட்டில் ஈரப் போர்வை. பக்கப் பெட்டியில் பூனை இருமுறை குட்டி போட்டது. ஏர் ஃபில்டரில் எலியும் சைலன்சர் வாயில் குளவியும் குடியேறியதை ஆய்வாளர் பின்னர்தான் அறிந்தார்.

வண்டியை மறுபடி பாலைக்குத் திருப்ப, இவர்களைக் காலிசெய்வதே முதல் வேலை. பூனை ஒத்துழைத்தது. போர்வைக்கு உரியவர், "வண்டிய எடுத்துட்டா துணிய எங்கங்க காயப்போடுறது?" என்றார். இக்கேள்விக்கு விடை தேடி இரண்டு மாதம் ஆய்வு தடைப்பட்டது.

இனி திரவங்கள். டேங்கில் மிச்சமிருந்தது பெட்ரோல் என்று சொல்ல முடியாது. டிகாக்ஷன் நிறம், வார்னிஷ் வாடை. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கி டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். துருவை உதிர்க்க நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்குவது தொன்று தொட்ட வழக்கு. எத்தனை நட்டு போட்டோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளாதவர் பிற்பாடு வருந்துவார். ஆய்வாளர் ஒன்பது போட்டு எட்டு எடுத்தார்.

ஆயில் தனி அதிகாரத்துக்கு உரியது. புல்லட்டில் ஆயில் தங்கும் அறை வேறு, கிராங்க் சுழலும் அறை வேறு. வருடக்கணக்கில் நின்றால் ஆயில், பம்ப் வழியே கசிந்து கிராங்க் அறைக்கு வந்துவிடும். வண்டியைப் பார்த்த மெக்கானிக் முதலில் சொன்னதே, "அண்ணே, அடி போல்ட்டக் கழட்டி ஆயில வடிக்காம கிக்கர மிதிச்சிடாதீங்க" என்பதுதான். ஆய்வாளர் ஏற்கெனவே மிதித்திருந்தார். பழைய பேட்டரியில் உயிரில்லாததால் வண்டி தப்பியது. வடித்தும் முழுதாக வடியவில்லை போலும். பின்னாளில் முதல்முறை ஸ்டார்ட் ஆனபோது எழுந்த புகையைக் கண்டு, கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று தெருப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

கார்புரேட்டரின் பைலட் ஜெட்டை ஒற்றைச் செம்புக் கம்பி இழையால் குத்தியதும், ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த கிளட்ச் பிளேட்டுகளைப் பிரித்ததும் சொல்லத்தக்கவை அல்ல. டயரைப் பற்றி ஒரு வார்த்தை: பக்கவாட்டில் 3412 என்றிருந்தால் 2012-இன் 34-ஆம் வாரம் தயாரானது என்று பொருள். பட்டன் தேயவில்லை என்று வாதிடுவோர் உண்டு. ரப்பர் கோடைக் கண்மாய் போல வெடித்திருந்ததால் அவ்வாதம் தள்ளப்பட்டது.

கிக்கர் பற்றி நூலோர் வேறுபடுவர். வலுத்தவன் மிதிப்பது என்பார் ஒரு சாரார். அவர்கள் முழங்காலுக்குக் கீழே தழும்பு உடையவர்கள். அறிந்தோர் வழி வேறு. சாவியைத் திருப்பி, ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வந்து நிற்குமிடத்தில் பாயிண்ட் திறந்திருக்கிறது; பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீகம்ப்ரசரைப் பிடித்து ஒரு நூல் கடத்தி, விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, தயங்காமல் ஒரே மிதி. அரைமனதாக மிதித்தால் திருப்பி அடிக்கும். புதுப் பேட்டரியோடு ஆய்வாளர் 23 முறை மிதித்தார். 24-ஆவது முறை மெக்கானிக் செருப்போடு வந்து லேசாகத் தட்டினார். டப் டப் டப்.

ஓட்டத்தில் ஒரு பாடபேதம் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த வடிவத்தை 1955 முதல் சென்னையில் செய்யத் தொடங்கியபோது வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்ற வழக்கமும் கூடவே வந்தது. ஒன்பது ஆண்டுகள் ஸ்கூட்டியில் கைப் பிரேக்கே கதி என்றிருந்த ஆய்வாளர், எந்தக் கால் எதற்கென்று மறந்து, முதல் வேகத்தடையில் பிரேக் என்று நம்பி வலக்காலை அழுத்தினார். வண்டி அடுத்த கியருக்குப் போயிற்று.

ஆர்.சி. 2019-லேயே காலாவதி. 15 ஆண்டு முடிந்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பென்சிலால் தேய்த்தெடுத்த சேசிஸ் எண், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சேர்ந்துவிட்டன. அடுத்த மாதம் கொல்லிமலை.

ஒன்பதாவது நட்டு டேங்கிலேயே இருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது கிணுங்குகிறது. துணிக்கொடிக் கயிறு 60 ரூபாய்க்கு வாங்கியாயிற்று. ஆணி எங்கே அடிப்பது என்பதில் மட்டும் வீட்டில் இன்னும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை.