கும்பகோணத்துக்கு ஒரு நாள்

கும்பகோணத்தை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

முடியாது, இரண்டு அரை நாள்தான் கிடைக்கும். மதியம் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். மாலை 4 மணி வரை கடைத்தெருவில் உங்கள் நடைதான்!

காவிரியில் குளிக்கலாமா?

எந்த மாதம் போகிறீர்கள்? மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அதற்கு முன்னால் போனால் துண்டை மணலில் விரித்து உட்காரலாம்.

என் மகன் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் ஃபெயில். அங்கே அவனுக்கு என்ன காட்டுவது?

சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீட்டை. கணக்கில் மட்டுமே மூழ்கி, மற்ற பாடங்களில் தேறாமல், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர் அவர். திட்டுவதை வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலிருக்கும் தாராசுரம் அவசியமா? அதுவும் கோயில்தானே!

ஒரே தலையில் யானையையும் காளையையும் செதுக்கியிருக்கிறார்கள். காளையின் உடலை மறைத்தால் யானை தெரியும். யானையின் உடலை மறைத்தால் காளை. கூட்டணி அரசியல் 12-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது!

இரண்டாம் ராஜராஜன் கட்டிய அந்தக் கோயில் 2004-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். சிற்பங்களைக் கண்ணால் பாருங்கள், கையால் தேய்க்காதீர்கள்.