அஹிம்சா துப்பாக்கி

1972-இல் வனவிலங்குகளைக் காக்கச் சட்டம் பிறப்பதற்குப் பல வருஷங்கள் முன்பே, அத்தொண்டைச் சம்பளமின்றிச் செய்துவந்தது என் நண்பரின் வேட்டை ரைபிள். குழலின் உட்புறச் சுழல்வரிகள் தேய்ந்து, தொலைநோக்கியின் திருகாணிகளும் தளர்ந்துவிட்டன என்று அவர் துணிந்த அந்தச் சாது யந்திரம், நூறு கஜத்தில் நின்ற காட்டுப்பன்றியைக் குறிவைத்தால் பக்கத்துக் கறையான் புற்றுக்கு மோக்ஷமளித்து, அடுத்த தோட்டாவை ஆகாயத்துக்குச் சமர்ப்பிக்கும். நண்பருக்கு அதன்மீதிருந்த விசுவாசம் நாளடைவில் தேய்ந்தது, பன்றிகளுக்கோ வளர்ந்தது, வெடிச்சத்தம் கேட்டாலும் அவை கிழங்கு தோண்டுவதை நிறுத்துவதில்லை.

இத்தகைய ஜீவகாருண்ய மூர்த்தியை அவர் விற்கத் துணிந்தபோது நான் மிகவும் வருந்தினேன். வாங்க வந்தவர் மணல்மூட்டைமீது அதைச் சாத்தி மூன்று முறை சுட்டார். மூன்று தோட்டாக்களும் ஒரே துவாரத்தில் நுழைந்தன.

அன்று மாலையே நண்பர் தூண்டில் வாங்கினார். மீன்கள் க்ஷேமம்.